பெரட்டு அக்காவின் சிவப்புக் கோடு

கோலா பிலாவுக்குப் போகும் சாலையில், தோளில் பையும் வயிற்றில் பசியுமாக நான் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு முடிவு. பின்னால் விசில் சத்தம் கேட்டால் ஓடிவிடுவது என்று இன்னொரு முடிவு. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சி ரூசா கடற்கரைக் கடையில் தட்டுக் கழுவியிருக்கிறேன், சிரம்பானில் லாரி கழுவியிருக்கிறேன், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை தூக்கியிருக்கிறேன். என்னைத் துரத்தாத முதலாளி இந்த வட்டாரத்தில் குறைவு. ஆனால் நெகிரி செம்பிலான் முழுவதிலும் நானாகப் பயந்து ஓடியது ஒரே ஒருவரிடமிருந்துதான். அந்த அம்மாள் என் நெஞ்சு உயரம்கூட இருக்க மாட்டார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் பெரட்டு அக்கா. விடியலில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். மருந்து தெளிக்கும் பெண்களுக்கு மேற்பார்வை பார்க்கும் மண்டோராக இருந்து பெரட்டு எடுத்தவர் அக்கா. வயதாகி வேலை நின்றது. விசில் நிற்கவில்லை. தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் புற்றுநோய் வந்த பெண்களைத் தேடிப் பிடித்து ஒரு கேங்காகச் சேர்த்தார். காலையில் கோயிலடியில் பெரட்டு, பிறகு உடற்பயிற்சி, மாலையில் மறுபடியும் ஒரு பெரட்டு, புதன்கிழமை சிரம்பான் ஆஸ்பத்திரி. இதற்கென்று யாரோ தானம் கொடுத்த பழைய வேன் ஒன்றும் இருந்தது. அதை ஓட்டுகிறவர்கள்தான் நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குலை தூக்கும் வேலையை விட்டுவிட்டு நான் நடந்து போனபோது அந்த வேன் பக்கத்தில் நின்றது. உருண்டு வந்து நின்றது என்று சொல்ல வேண்டும். ஓட்டிவந்தது அக்காதான். அவருக்கு ஓட்டத் தெரியாது.

"டேய் நெட்டையா, வேன் ஓட்டுவியா?"

"லைசன் இருக்கு."

"லைசன யார்றா கேட்டா? ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

"அப்ப ஏறு. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

சம்பளம் என்ன என்று நான் கேட்பதற்குள் பாதி வழி வந்துவிட்டோம். கோயில் கொட்டகையில் படுக்கை, தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் முறைவைத்துச் சாப்பாடு என்று ஏற்பாடு ஆனது. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. மற்றதை எல்லாம் சொல்லலாம்.

முதல் புதன்கிழமையே ஆஸ்பத்திரி கூடத்தின் நடுவில் நின்று அக்கா விசில் ஊதினார். மலாய்க்கார அம்மாக்களும் சீனத்துக் கிழவிகளும் என்னவோ ஏதோ என்று எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஓடிவந்தாள்.

"அம்மா, இது ஆஸ்பத்திரி! விசில் ஊதக் கூடாது!"

"அப்ப நீ பேர் கூப்பிடு. நான் சும்மா இருக்கேன்."

திரும்பும்போது தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது. பாதி வழியில்தான் தெரிந்தது, எண்ணிக்கை சரி, ஆள் வேறு. எங்கள் குண்டு லெச்சுமி ஆஸ்பத்திரி கெண்டீனில் மீ நூடுல்ஸ் தின்றுகொண்டிருக்க, ரெம்பாவ்காரரான ஒரு மலாய் அம்மாள், வீட்டில் கொண்டுவிடும் அரசாங்க வேன் என்று நினைத்து எங்களோடு ஏறி உட்கார்ந்திருந்தார். அவரை ரெம்பாவில் இறக்கி, சிரம்பானுக்குத் திரும்பி லெச்சுமியை ஏற்றி, தோட்டம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா மன்னிப்புக் கேட்டாரா? "கேங்குக்கு ஒரு ஆளு கூடிருச்சிலா" என்றார். மறுவாரம் அந்த ரெம்பாவ் அம்மாள் பலகாரத்தோடு எங்களுக்காகக் காத்திருந்தார்.

மார்பை எடுத்துவிட்ட பெண்கள் உள்ளாடையில் வைத்துக்கொள்ளப் பஞ்சு வைத்துப் பை தைத்தார்கள். பஞ்சு கனமில்லை, உடம்பு ஒரு பக்கம் சாயும் என்று அக்கா சட்டம் போட்டார். பஞ்சை எடுத்துவிட்டுப் பச்சைப் பயறு நிரப்பச் சொன்னார். மழைக்காலம். காலை நடை வேறு, வியர்வை வேறு. ஒருநாள் லெச்சுமி வேனில் வைத்தே கத்தினாள்:

"அக்கோவ்! எனக்குத் திரும்ப மொளைக்குது!"

பயறு முளைவிட்டிருந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பில் வேன் ஆடியது. நான் சாலை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றை ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் பெரிய சோதனை.

"உங்களுக்கு இந்தச் சீக்கே இல்ல. நீங்க எதுக்கு எங்களுக்குத் தலைவி?" என்று லெச்சுமி ஒருமுறை கேட்டாள்.

"மாடு மேய்க்கிறவன் மாடா இருக்கணுமாடி?"

பெரட்டில் பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் அக்கா விட மாட்டார். கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேருக்குப் போவார். அதிலேயே அரைமணி நேரம் போகும். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன். "இருக்கேன்னு சொல்றாங்கல்ல, அப்புறம் எதுக்கு மூஞ்சிய மோந்து பாக்குறீங்க?"

"என் கேங்குல ஒருத்தி இருந்தா. ஒரு நாளு மட்டம் போட்டதில்ல. ரவிக்கைக்குள்ள கட்டிய வச்சிக்கிட்டே மருந்து அடிச்சிருக்கா. நான் தெனமும் பேர் கூப்பிட்டேன். அவளும் இருக்கேன்னா. நானும் நம்பிட்டேன்" என்றார். பிறகு, "வேன் டயர்ல காத்து இருக்கா பாரு, போ" என்று என்னை விரட்டினார்.

இப்போது மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைத் துரத்தியது அந்த மரம்தான்.

ஆபரேஷன் ஆனபின் தோள் இறுகிவிடும். விரல்களைச் சுவரில் பூச்சி ஊர்வதுபோல மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அக்காவுக்குச் சுவர் பிடிக்கவில்லை. கோயில் எல்லைக்குள் ஒரு பழைய ரப்பர் மரம் நின்றது. அதில் ஏற்றச் சொன்னார். பால்வெட்டுக் காலத்தில் எவ்வளவு பட்டை வெட்டினார்கள் என்று பார்க்க மாதாமாதம் மரத்தில் குறி போடுவார்கள். அந்தக் குறி இறங்கிக்கொண்டே வரும். அக்கா போட்ட சுண்ணக்கட்டிக் குறிகள் ஏறிக்கொண்டே போயின. விரல் எட்டிய இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் அவரவர் பெயரின் முதல் எழுத்து. லெச்சுமியின் கோடு கிளையை நெருங்கிவிட்டது.

கமலாவின் கோடு மட்டும் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. கமலா தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்த, அதிகம் பேசாத பெண். தலையில் முடி கொட்டியதிலிருந்து துண்டைக் கட்டிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாள். அவளுக்கு அடுத்தது கதிர் சிகிச்சை, எங்கள் கேங்கில் கரண்டு என்பார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு மெஷினுக்குக் கீழே அசையாமல் படுக்க வேண்டுமாம். கை ஏறாததால் ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும் புதன்கிழமை மறுபடியும் பார்ப்பார்கள். இன்னும் தள்ளிப்போனால் நல்லதில்லை என்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன்.

கை எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று அளந்து, அக்கா மரத்தில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டார். பெயிண்ட் அவருடையது இல்லை. பக்கத்து நெரைகளில், அதாவது மர வரிசைகளில், கிழட்டு ரப்பரை வெட்டிச் செம்பனை நடப் போகிறார்கள் என்று குத்தகைக்காரனின் ஆட்கள் குறி போட வந்தார்கள். அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் டின்னைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். ஒரு கோட்டுக்கு ஒரு டின் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"இந்தக் கோட்டத் தொட்டாத்தான் கரண்டு. தொடலன்னா வீடு" என்றார் கமலாவிடம்.

அன்று மாலையும் கமலாவின் விரல் பாதியில் நின்றது.

"ஏய் கமலா! வெரலு மரத்துல தூங்குதா? ஏத்துடி!"

"வலிக்குதுக்கா."

"வலிக்காம ஏற இது என்னடி லிப்டா?"

கமலா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா விட்டாரா? வாசலில் போய் நின்று, லயம் முழுவதற்கும் கேட்கும்படி கத்தினார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"போதும்க்கா! சீக்கு கொல்றதுக்கு முன்னாடி நீங்களே கொன்னுருவீங்க போல!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ வேன் ஓட்ட வந்தவன். வண்டிய மட்டும் ஓட்டு."

சாவியைப் படியில் வைத்தேன். பையை எடுத்தேன். அப்படித்தான் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன்.

இரவு பஸ் நிலையத்தில் படுத்தேன். அது எனக்குப் பழக்கம்தான். விடிவதற்கு முன் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் ரம்ப மெஷின்கள்.

"மெசின் புடிப்பியா?" என்றான் வேலைக்காரர்களின் தலைவன், எல்லாரும் கெப்பாலா என்று கூப்பிடுகிறவன்.

"புடிப்பேன்."

"ஏறு. செவப்பு அடிச்ச மரம் எல்லாத்தையும் சாய்க்கணும். வேற பேச்சு கெடையாது."

திரும்பியே பார்க்காமல் நடந்து வந்த சாலையில் லாரி என்னை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது. கோயில் பக்கத்து நெரையில் கெப்பாலா என்னை இறக்கிவிட்டான். சிவப்பு அடித்த மரங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டே போனேன். நெரை முடியும் இடத்தில் எல்லை தாண்டி நின்றது அக்காவின் மரம். அதன் மேலும் ஒரு சிவப்புக் கோடு, பளிச்சென்று.

"அதுவும்தான்!" என்று தூரத்திலிருந்து கெப்பாலா கத்தினான்.

வெட்டுகிறவன் முதலில் மரத்தைச் சுற்றி வர வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் ரம்பத்தை வைத்தால் மரம் நம் மேலேயே விழும். நானும் சுற்றி வந்தேன். பின்பக்கம், லயத்திலிருந்து யாருக்கும் தெரியாத பக்கம், அடுப்புக்கரியால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. இடுப்பு உயரத்தில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக, பட்டையை நகம் கீறிய தடத்தோடு ஏறியிருந்தன. மேலே இருந்த கோடு சிவப்புக்கு ஒரு விரல்தான் குறைவு. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு "க".

மெஷினை அணைத்தேன். அப்போதுதான் விசில் கேட்டது. காலைப் பெரட்டுக்குப் பெண்களோடு அக்கா வந்துகொண்டிருந்தார்.

"அடப்பாவி நெட்டையா! சாவிய வச்சிட்டு ரம்பத்தத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"கத்தாதீங்கக்கா. நீங்க போட்ட கோடுதான் இதுக்கு எமன். செவப்பு அடிச்சதெல்லாம் வெட்டணுமாம்."

அக்கா அண்ணாந்து கோட்டைப் பார்த்தார்.

"போய்ச் சொல்லுங்க, கோடு நான் போட்டதுன்னு."

"சொன்னா பெயிண்ட் டின்னு எங்கன்னு கேப்பான்டா."

"எங்க?"

அவர் கண்கள் கோயில் பக்கம் போயின. கோயில் கதவு சிவப்பாக மின்னியது.

நான் குரலைத் தாழ்த்தினேன். "அக்கா, பின்பக்கம் கரிக்குறி இருக்கு. கமலாக்கா..."

"வாய மூடு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா நேத்து அந்தக் கத்து கத்துனீங்க?"

"நான் கத்துற அன்னிக்குத்தான்டா ஒரு வெரக்கட கூட ஏறுது. என்னத் திட்டிக்கிட்டே ஏத்துறா. திட்டட்டும்."

கெப்பாலா வந்துவிட்டான். "என்னா மெசின் நிக்குது?"

"உள்ள பூரா பால் மங்கு மாட்டுன கம்பி, கெப்பாலா. பட்டை மூடிருச்சி. வச்சா சங்கிலி ஒடஞ்சி மூஞ்சியில அடிக்கும்."

"ஆமா தம்பி" என்று அக்கா நுழைந்தார். "நானே அடிச்ச ஆணி இருக்கு. ஒரு வெட்டுக்கத்திகூட உள்ள இருக்கு." இன்னும் கொஞ்சம் விட்டால் உள்ளே ஒரு லாரி இருக்கிறது என்பார். நான் முறைத்தேன்.

கெப்பாலா மரத்தையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "விட்டுத் தொலை. அடுத்த நெரைக்குப் போ" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அந்த நேரத்தில் கமலா ஓடிவந்தாள். ரம்பச் சத்தம் கேட்டு மரம் போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள். தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது. மரம் நிற்பதைப் பார்த்ததும் மூச்சு வாங்க நின்றாள். பின்பக்கம் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து, பட்டையில் விரலை வைத்தாள். ஏறியது. நின்றது. உதட்டைக் கடித்தாள். மறுபடி ஏறியது.

"மெசின ஏன்டா இன்னும் போடல?" என்று தூரத்திலிருந்து கெப்பாலா கத்தினான்.

"பெட்ரோல் தீந்துருச்சி!" என்று நானும் கத்தினேன்.

கமலாவின் நடுவிரல் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தொட்டு, அதைத் தாண்டியும் நின்றது. லெச்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இதுக்கா இத்தன நாளு?" என்றார் அக்கா. விசிலை ஊதினார். "புதன்கெழம விடியக்காலைல பெரட்டு. லேட்டா வர்றவள விட்டுட்டு வேன் போயிரும்."

"ஓட்ட ஆளு ஏதுக்கா?" என்றாள் லெச்சுமி.

அக்கா வரிசையாகப் பேர் கூப்பிட்டார். கமலா "இருக்கேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. கடைசியில், எங்கோ பார்த்துக்கொண்டு, "நெட்டையன்?" என்றார்.

"இருக்கேன்" என்றேன்.

அவர் கிட்டே வந்து, அண்ணாந்து, என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

புதனுக்கு இன்னும் நாள் இருந்தது. அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டிருந்தது மரம் வெட்டும் வேலை. இருட்டும்வரை வெட்டினேன். வெட்டிய ஒவ்வொரு மரத்தையும் கோயிலுக்கு எதிர்ப்பக்கமாகவே சாய்த்தேன். அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் ஓர் இலைகூட உரசவில்லை.