இடது கால் டெபாசிட்

“கேம்ப் வாசிகள் அனைவரின் மேலான கவனத்துக்கு. மனித நாகரிகத்தின் அடுத்த கட்டம், வரும் திங்கட்கிழமை காலை டீயிலிருந்து நமது மெஸ்ஸில் தொடங்குகிறது. இனிமேல் கண்ணாடி கிளாஸ் எடுக்கும் ஒவ்வொருவரும் தமது இடது கால் செருப்பை டெபாசிட்டாக வைக்க வேண்டும். கிளாஸைக் கேம்ப் பாஸ் அறைக்கு நேரில் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்குச் செருப்பு திருப்பித் தரப்படும். ஜெர்மனியில் இப்படித்தான். இப்படிக்கு, உடையப்பன், கேம்ப் பாஸ்.”

அபுதாபி பாலைவனத்து ருவைஸில், தொழிலாளர் கேம்ப்பின் மெஸ் வாசலில், கைகழுவும் தொட்டிக்கு மேலே இந்த அறிவிப்பு ஒட்டப்பட்டபோது, அதற்குக் கீழே வரிசையாக நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாகரிகம் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது.

ஜெர்மனியில் செருப்பு வாங்குவதில்லை, காசுதான் வாங்குகிறார்கள். அது உடையப்பனுக்கும் தெரியும். ஆனால் இங்கே, கேம்ப்பை நிர்வகிக்கிற கேம்ப் பாஸ் தொழிலாளியிடம் காசு வாங்கினால் வேலை போய்விடும். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தால் வேலையோடு மானமும் போய்விடும். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தவர், செருப்பைப் பற்றி எந்தச் சட்டமும் வாய் திறக்கவில்லை என்று கண்டுபிடித்தார். தவிர, ருவைஸ் வெயிலில் ஒற்றைச் செருப்போடு ஒருவன் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? திரும்பி வந்துதானே ஆக வேண்டும்.

அந்தத் திரும்பி வருதல்தான் உடையப்பனைப் பிடித்து ஆட்டிய விஷயம்.

மெஸ்ஸுக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்க கம்பெனி முடிவு செய்திருந்தது. ஜெர்மனி போய் அதைப் பழகிவர வேண்டிய மேனேஜருக்கு விசா கிடைக்கவில்லை. உடையப்பனுக்குக் கிடைத்துவிட்டது. பகலில் மெஷின், மாலையில் ஓட்டல் அறை. பேச்சுத் துணைக்கு ஆளில்லை. லேசாக இடப்பக்கம் சாய்ந்து நடக்கிற நடையோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒருநாள் அங்கே போட்டிருந்த கிறிஸ்துமஸ் சந்தைக்குள் நுழைந்தார். சூடான ஆப்பிள் ஜூஸ் வாங்கினார். கண்ணாடிக் கோப்பைக்கும் சேர்த்துக் காசு பிடித்துக்கொண்டாள் கடைக்காரப் பெண். ஏமாற்றிவிட்டாள் என்று முடிவுகட்டி, காசு கொடுத்த கோப்பைதானே என்று கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார்.

பின்னாலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். கோப்பையைக் காட்டி, கையை நீட்டினாள். கொடுத்தார். அவள் காசைத் திருப்பி உள்ளங்கையில் வைத்துச் சிரித்தாள்.

போனவர் திரும்பி வருவார் என்று ஒருத்தி எதிர்பார்த்து நின்றது உடையப்பனுக்கு அண்மைக்காலத்தில் நடந்ததில்லை. ஊரில் மனைவி மீனாம்பாள்கூட, “இந்த வருஷமும் லீவு இல்லையா? சரி, அப்ப ஏசிக்குப் பணத்த மட்டும் அனுப்பிவிடுங்க” என்று சொல்லப் பழகிவிட்டாள். உடையப்பன் அன்று மாலை கோப்பை கோப்பையாக ஜூஸ் வாங்கிக் குடித்தார். குடித்தது தாகத்துக்கு அல்ல, திருப்பிக் கொடுப்பதற்கு. வயிறு ஒத்துக்கொள்ளாத கட்டத்தில் கடையைச் சாத்திவிட்டார்கள். மறுநாளிலிருந்து சூப்பர் மார்க்கெட் வாசலில் காலி பாட்டிலை விழுங்கிச் சீட்டு கொடுக்கும் மெஷின் முன்னால் நின்றார். அந்தப் பயணத்தில் அவரிடம் அதிகம் பேசிய ஜெர்மன் அந்த மெஷின்தான்.

ருவைஸில் நிலைமை இதைவிட மோசம். பைப் ஃபிட்டராக இருந்தவரை பதினாலாம் நம்பர் ரூமில் ஆறு பேரில் ஒருவராக, கட்டிலுக்குக் கட்டில் கால் இடிக்கப் படுத்துக்கிடந்தார். சண்டை, சீட்டாட்டம், குறட்டை, எல்லாம் இருந்தது. கேம்ப் பாஸ் ஆனதும் தனி அறை, தனி பாத்ரூம், தோல் ஷூ கிடைத்தன. அடுத்த கட்டிலில் படுத்துக்கிடந்த மணிகண்டன், அதுவரை “அண்ணே, ஒரு டீயப் போடுண்ணே” என்றவன், மறுநாளே “சார்” என்று எழுந்து நின்றான். டிவி அறைக்குள் உடையப்பன் நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடும். அவர் வெளியே வந்ததும் மறுபடி ஆரம்பிக்கும்.

ஆகவே திட்டம் தயார். மெஸ்ஸிலிருந்து ரூமுக்குப் போகும் கிளாஸ் எதுவும் திரும்புவதில்லை, சாம்பல் கிண்ணமாகவோ பிரஷ் ஸ்டாண்டாகவோ பிறவி மாறிவிடுகிறது என்பது ஆபீசுக்குச் சொன்ன காரணம். மடக்கு நாற்காலிகள், ரஸ்க் பாக்கெட், ஏலக்காய் எல்லாம் வாங்கி வைத்தது ஆபீசுக்குச் சொல்லாத காரணம்.

திங்கட்கிழமை மாலை, மெஸ்ஸில் டீ ஊற்றும் ராஜிக் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். பரமக்குடிக்காரர், அம்பதைத் தாண்டியவர், மீசைக்கு மை போடுகிறவர்.

“மொத்தமும் இடது காலா பாய்?”

“பாத்துப் பாத்துதான் வாங்குனேன் சார்.”

“கிளாஸு?”

“ஒண்ணு மிச்சமில்ல. இம்புட்டு ஒழுங்கா வரிசையில நின்னு நான் பாத்ததே இல்ல.”

உடையப்பன் நெகிழ்ந்துபோனார். குளித்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, டீயைக் கொதிக்கவிட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. டீயை மறுபடி சூடு பண்ணினார். பஸ் வந்து நின்ற சத்தம், ஆட்கள் இறங்கிய சத்தம், பக்கத்து வரிசை ரூம்களின் கதவுச் சத்தம் எல்லாம் கேட்டது. கடைசியில் டீயைத் தானே குடித்தார்.

மறுநாள் காலை மெஸ்ஸில் கிளாஸே இல்லை. அவசரமாக இரண்டு பெட்டி புதுக் கிளாஸ் இறக்கினார். அதுவும் போயிற்று. செருப்பு மட்டும் வந்தது. அலமாரி நிரம்பி, கட்டிலுக்கடியில் நிரம்பி, பாத்ரூம் ஜன்னல்வரை ஏறியது. வழியில் மணிகண்டனை நிறுத்தினார்.

“என்னப்பா, ரெண்டு கால்லயும் செருப்பு இருக்கு?”

“வேற ஜோடி சார்.”

“எல்லாருமா வேற ஜோடி வச்சிருக்கீங்க?”

“சம்பாதிக்கத்தானே சார் வந்திருக்கோம்.”

உடையப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது.

பொழுது போகாமல் செருப்புகளைக் கழுவ ஆரம்பித்தார். அப்போதுதான் அந்த ஒன்று கையில் சிக்கியது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. கட்டைவிரல் வார் அறுந்த இடத்தில் யாரோ செப்புக் கம்பியை முறுக்கிக் கட்டி, முனை காலில் குத்தாதபடி அதன்மேல் டேப்பும் சுற்றியிருந்தார்கள். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

“பொறுமைசாலி,” என்றார் உடையப்பன் வாய்விட்டு. “ஒரு செருப்பத் தூக்கிப் போட மனசு வராதவன், மனுஷனத் தூக்கிப் போடுவானா?”

அன்றிலிருந்து அந்தச் செருப்புக்கு ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது. உரியவர் வந்தால் என்ன பேசுவது என்று ஒத்திகையும் நடந்தது. நம்ம பக்கத்து ஆளாகத்தான் இருக்கும், சர்க்கரை கம்மியாகக் குடிப்பார், சாய்ந்து நடக்கிறவருக்கு மூட்டுவலி இருக்கும், நம்மிடம் உள்ள தைலத்தைக் கொடுக்கலாம். மற்றவர்கள் வராவிட்டாலும் இவர் வருவார். மாலைகளில் உடையப்பன் அந்தச் செருப்புக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்தார். நோயாளியின் பக்கத்தில் டாக்டருக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தது.

இதற்குள் கிளாஸ் கிடைக்காத ஆட்கள் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி அதில் டீ குடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கழுவ வேறு எதுவும் இல்லாததால் ராஜிக் அந்தப் பாதி பாட்டில்களை, மெஸ்ஸில் புதிதாக வந்து இறங்கியிருந்த ஜெர்மன் மெஷினுக்குள் அடுக்கி ஓட்டினார். கொதிநீர் பட்டதும் அவை உருகிச் சுருங்கி மெஷினின் தொண்டையை அடைத்தன. மெஷின் ஒரு தடவை கனைத்தது. பிறகு பேசவே இல்லை.

அபுதாபி ஆபீசிலிருந்து கிருபன் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், தொழிலாளர் நலன் அதிகாரி. மெஷினைப் பார்த்தார், அறிவிப்பைப் படித்தார், பிறகு உடையப்பனின் அறைக் கதவைத் திறந்தார். செருப்பு ஒன்று சரிந்து அவர் ஷூமேல் விழுந்தது.

“என்ன ஐயா இது? மனுசர் இருக்கிற அறையோ, கோயில் வாசலோ?”

“டெபாசிட்டு சார். ஜெர்மனியில...”

“ஜெர்மனிய விடுங்கோ. சனத்தின்ர செருப்பப் பறிச்சு வச்சிருக்கிறியளெண்டு வெளியில கதை போனா கம்பெனியின்ர பேர் என்னத்துக்கு ஆகும்? எல்லாரையும் இப்பவே கூப்பிடுங்கோ. கிளாஸும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், அவையவை தங்கட செருப்ப எடுத்துக்கொண்டு போகட்டும்.”

வேலை போகலாம் என்று உடையப்பனுக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரு சின்னச் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. எல்லாரும் வருகிறார்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். பால் பவுடரைத் தாராளமாகப் போட்டார், ஏலக்காய் தட்டினார்.

கேம்ப் முழுக்க வந்தது. அறைக்குள், வாசலில், ஜன்னலோரம் என்று தலைகள். உடையப்பனின் அறைக்கு இத்தனை பேர் வந்தது இதுதான் முதல் தடவை. அவருக்கு யாரை எங்கே உட்காரச் சொல்வதென்றே தெரியவில்லை.

“எடுங்கோ,” என்றார் கிருபன்.

யாரும் குனியவில்லை.

“கூச்சப்படாம எடுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்.”

ராஜிக் மீசையைத் தடவினார். “சார், இதெல்லாம் இவுங்க செருப்பு இல்ல. பிளாண்ட்ட நிறுத்திப் பழுது பாக்குற ஷட்டவுன் வேலைக்கு வந்துட்டு ஊருக்குப் போனாங்கள்ல, அவுங்க பெட்டி வெயிட்டு தாங்காதுன்னு போட்டுட்டுப் போனது. ஸ்டோருக்குப் பின்னாடி குமிஞ்சு கெடந்துச்சு.”

“தெரிஞ்சுகொண்டே வாங்கினனீங்களோ?”

“இடது கால் செருப்புன்னுதான் சார் நோட்டீஸ்ல இருக்கு. யாரோட இடது காலுன்னு இல்ல.”

கூட்டத்திலிருந்து ஒருவன் சொன்னான்: “முன்னெல்லாம் கிளாஸ ஒளிச்சு எடுத்துட்டுப் போவோம் சார். இப்ப கௌரவமா எடுத்துட்டுப் போறோம்.”

சிரிப்பு எழுந்தது. உடையப்பன் அறைக்குள் இருந்தும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அவர் நாற்காலியிலிருந்த கம்பி கட்டிய செருப்பை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் சரிப்பா. இது மட்டும்... இந்த ஆளு ஊருக்குப் போயிருக்க மாட்டாரு. இம்புட்டுப் பாத்துப் பாத்துக் கட்டியிருக்காரு. இது யாருது?”

மணிகண்டன் எட்டிப் பார்த்தான்.

“அதுவும் போனவரோடதுதான் சார். கம்பி பின்னாடி நான் கட்டுனது. நீங்க எங்க ரூமக் காலி பண்ணப்ப இத விட்டுட்டுப் போனீங்க.”

டீ நிறையவே இருந்தது. ஊற்றிக் கொடுக்க ஒரு கிளாஸ் இல்லை.