லாமினேஷன் போட்ட அயர்லாந்துப் பட்டம்

ஒரகடம்
ஜூன் 14

மதிப்பிற்குரிய மச்சான் திருமலை அவர்களுக்கு ரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் முழங்கால், அக்காவின் சர்க்கரை, வாலாஜாபாத் வீட்டு மாடியில் நீங்கள் போட்ட ஷெட் எல்லாவற்றையும் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகள் பிரவீனா அயர்லாந்தில் வாங்கிவந்த மாஸ்டர்ஸ் பட்டத்தை நான் லாமினேட் செய்துவிட்டேன். அதனால் தண்டலம் பக்கத்து என்ஜினீயரிங் கல்லூரியில் அவளுக்குக் கிடைத்த உதவிப் பேராசிரியர் வேலை தொங்கலில் நிற்கிறது. ஜூலை முதல் தேதிக்குள் காகிதம் சரியாகாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசினால் உங்கள் தங்கை கங்கம்மாள் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வாள்.

என் வீட்டில் லாமினேட் ஆகாத காகிதம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் வந்து, மனைப் பத்திரமெல்லாம் வடாம் மாதிரி மொட்டைமாடியில் காய்ந்த பிறகு நான் எடுத்த முடிவு அது. ரேஷன் கார்டிலிருந்து என் எட்டாம் வகுப்பு டி.சி. வரை எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருக்கின்றன. பெண் கடல் கடந்து படித்து வாங்கிய காகிதத்தை வெறும் கவரில் விட மனசு வருமா? படப்பையில் சசிரேகா என்ற பெண்ணின் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அந்தப் பெண் கேட்கத்தான் செய்தாள், "இது ஒரிஜினலாண்ணே?" என்று. "ஒரிஜினலுக்குத்தானேம்மா பாதுகாப்பு வேணும், ஜெராக்ஸுக்கா வேணும்?" என்றேன். "மெல்லிசா போடவா, தடிசா போடவா?" என்றாள். "பொண்ணு படிப்பும்மா, தடிசாவே போடு" என்றேன். அவள்மேல் தப்பில்லை. கேள்வியும் சரி, வேலையும் சரி. ஒரு குமிழ்கூட இல்லை, மச்சான்.

அதை எடுத்துக்கொண்டு, பெண்ணுக்கு ஒரு நடை மிச்சமாகட்டுமே என்று நானே கல்லூரிக்குப் போனேன். ஆபீஸ் சூப்பிரண்டு ஜெபகுமார் என்று ஒருவர். தன்மையான மனுஷர்தான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஓட்டல் மெனு கார்டு மாதிரி பளபளன்னு கீது?"

"கெட்டுப்போகக் கூடாதுல்ல சார்."

"இதுக்குப் பின்னாடி அந்த ஊர் வெளியுறவு ஆபீஸ்ல அபோஸ்டில்னு ஒரு முத்திரை போட்டுத் தரணும் சார், நெஜமான சர்டிபிகேட்டுதான்னு. பிளாஸ்டிக் மேல போட மாட்டாங்களே! அப்புறம்தான் டெல்லில, நம்ம ஊர் பட்டத்துக்குச் சமம்னு சமானச் சான்றிதழ் கேட்கணும். ஆமா, இது ஒரு வருஷப் படிப்பா? இங்க மாஸ்டர்ஸ் ரெண்டு வருஷமாச்சே?"

"அங்க லீவு கம்மி சார்" என்று ஒரு போடு போட்டேன். அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பிரவீனா நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சர்டிபிகேட்டையே பார்த்தாள். "அப்பா, இதுக்காக நான் அங்க குளிர்ல ஓட்டல்ல பாத்திரம் கழுவினேன், தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது, மச்சான். லைப்ரரியில் பார்ட் டைம் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து மூன்று நாள் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் என் மண்டையைக் குடைகிறது. நான் இருபது வருஷமாக மரப் பேலட் வியாபாரம் செய்கிறவன். கம்பெனிக்காரன் மெஷினை ஏற்றுமதி செய்தால் அடியில் இருக்கிற மரச் சட்டம் நம்முடையது. அந்த மரத்தைப் புழு சாகச் சூளையில் வைத்து, உள்மரம் ஐம்பத்தாறு டிகிரியில் அரைமணி நேரம் இருக்கும்படி சூடேற்றி, கோதுமைக் கதிர் போட்ட முத்திரை ஒன்றைக் குத்திவிட்டால், ஜப்பான்காரனும் ஒத்துக்கொள்கிறான், பிரேசில்காரனும் ஒத்துக்கொள்கிறான். எங்கே சூடு பண்ணினாய், யார் பண்ணினார் என்று திரும்பவும் கேட்பதில்லை. மரத்துக்கு உலகம் பூரா ஒரே சூடு, படிப்புக்கு மட்டும் ஊருக்கு ஒரு சூடா? அப்படி முகம் கொடுக்காத பெண்ணிடம் இதை வைத்துத்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"மரத்துல புழு செத்துச்சான்னு மட்டும்தான்ப்பா பார்ப்பாங்க. படிப்புல உள்ள என்ன இருக்குன்னு பார்க்க வேணாமா?" என்றாள்.

"யார் பார்ப்பா? எப்படிப் பார்ப்பா?"

அதற்கு அவள் அரைமணி நேரம் சொன்னாள். சில தேசங்களில் வேலை கொடுக்கிறவனே பார்த்து முடிவு பண்ணிக்கொள்வானாம். ஜெர்மனியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்களாம், தரம் போட்டு. டாக்டருக்கு எல்லா இடத்திலும் தனிப் பரீட்சை, தனிக் கெடுபிடி. நம் ஊரில் சமானம் பார்க்கிறவர்கள் எத்தனை காலம் படித்தாய், எந்தத் தகுதியில் சேர்ந்தாய், அந்த இடத்துக்கு அவர்கள் தேசத்திலேயே அங்கீகாரம் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்களாம். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம். மரம் வாங்கும்போது நான் என்னென்ன பார்ப்பேனோ அதேதான். ஈரப்பதம் எவ்வளவு, எந்தத் தோப்பு, எத்தனை வருஷ மரம். அப்படியானால் கேட்பது நியாயம்தானே என்று தோன்றுகிறது. என் பெண்ணைக் கேட்கும்போதுதான் அநியாயமாகத் தெரிகிறது.

இதில் இன்னொரு கூத்து. பக்கத்துக் கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர் நெல்லையப்பன் என்று ஒரு தெற்கத்திப் பையன், நம் பேலட்டை வாங்கி செக் பண்ணுகிறவன். அவனிடம் சூடான காற்றை ஊதுகிற ஹாட் ஏர் கன் உண்டு. சூடு காட்டினால் பிளாஸ்டிக் கழன்று வரும் என்றான். நான் வியாபாரி, முதலில் சாம்பிள் பார்க்காமல் சரக்கில் கைவைக்க மாட்டேன். என் டி.சி.யைக் கொடுத்தேன். பிளாஸ்டிக் அழகாகக் கழன்று வந்தது. கூடவே எழுத்தும் வந்துவிட்டது. இப்போது காகிதம் வெள்ளையாக இருக்கிறது, நான் எட்டாவது பாஸ் பண்ணின விவரம் முழுக்க பிளாஸ்டிக்கில் இருக்கிறது. நெல்லையப்பன் தலையைச் சொறிந்தான்.

"விடுங்க அண்ணாச்சி. எங்க கம்பெனில கொரியாக்காரர் ஒருத்தர் இருக்காரு. அவருட்ட ஒம் பட்டத்தக் காட்டுன்னு எவங் கேட்டான்? மிஷின் லைன் ஓடுதான்னுதான் பாப்பாவ. தங்கச்சியயும் இங்கன சேத்து வுட்ருங்களேன்."

நானும் அதைப் பிரவீனாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எனக்குக் கிளாஸ்ல நிக்கணும்ப்பா" என்றாள்.

ஆகையால்தான் இந்தக் கடிதம். நீங்கள் டெல்லியில் இருபத்திரண்டு வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். பழைய சிநேகிதர் யாராவது இருப்பார். அயர்லாந்துத் தூதரகத்தில் சொல்லிப் பிளாஸ்டிக்கின் மேலேயே முத்திரையை ஒட்ட வழி உண்டா, முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம் ஓர் ஓரத்திலாவது, என்று விசாரியுங்கள். வேண்டுமானால் நானே சர்டிபிகேட்டுடன் டெல்லிக்குப் போய் நின்று பேசுகிறேன். அயர்லாந்திலிருந்து புதுசு வாங்கலாம் என்றால், தொலைந்துபோனால்தான் தருவார்களாம், யாரோ சொன்னார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிவிடும்மா என்று பிரவீனாவிடம் சொன்னேன். "தொலையலையே, கண்ணாடி மாதிரி கண்ணு முன்னாடி இருக்கே" என்று மறுத்துவிட்டாள். பொய் சொல்லத் தெரியாத பெண். யாரைக் கொண்டு பிறந்தாளோ தெரியவில்லை. நான் உங்களுக்கு எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். அக்காவை மாம்பழத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஷெட்டுக்கு மரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நல்ல பைன் பலகை கிடக்கிறது. நீங்கள் நூறு வயது திடமாக இருந்து பிரவீனா வகுப்பெடுப்பதைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
ரத்தினம்

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் பிரவீனா கடிதத்தைப் படித்துவிட்டாள். டெல்லி வரியில் முறைத்தாள், டி.சி. வரியில் சிரித்துவிட்டாள். அவளே நாலு நாள் முன்பு பல்கலைக்கழகத்துக்கு, அப்பா ஆசையில் பிளாஸ்டிக் போட்டுவிட்டார் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள். பழசைத் திருப்பி அனுப்பினால் அந்த முத்திரையோடு புதுசு தருகிறோம் என்று அவர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். கல்லூரி முதல்வரையும் நேரில் பார்த்துப் பேசி முடித்துவிட்டாள். முடிவான நிபந்தனைகள் இவை: ஜூலை ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டியது. சமானச் சான்றிதழ் கொடுக்க ஆறு மாதத் தவணை. அதுவரை கௌரவ விரிவுரையாளர் என்ற பெயர், மணிக்கணக்கில் சம்பளம். வீட்டு நிபந்தனை தனி, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: புதுப் பட்டம் உங்கள் வாலாஜாபாத் விலாசத்துக்கு வரும், நீங்கள் அதைப் பிரிக்காமல் அவள் கையில் மட்டும் கொடுக்க வேண்டியது, அவளைக் கல்லூரியில் கொண்டுவிட நான் வரலாம், கேட் வரைக்கும்.