களத் துயிலணைத் தேர்வுக் குழு

மனித குலம் தரையை விட்டு எழுந்து இரண்டு காலில் நின்றது பெரிய சாதனைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதே மனித குலம் திரும்பவும் தரையில் எப்படிப் படுப்பது என்பதை, ஐந்து நாற்காலிகளில் அமர்ந்து, ஏழு கூட்டங்கள் நடத்தி, நூற்றுப் பதினான்கு பக்கங்களில் எழுதி முடித்தது அதைவிடப் பெரிய சாதனை. அந்தப் பெருமை நில அளவை அலுவலகத்தின் மூன்றாவது மாடியைச் சேரும். கீழ் இரண்டு மாடிகளுக்கு அதில் பங்கில்லை.

இத்தனைக்கும் காரணமானவர் ஒரு சாதாரண மனிதர். மலைப்பகுதி அளவையாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்ததால் அலுவலகம் முழுக்க அவருக்குச் 'சங்கிலி' என்றே பெயர். சங்கிலி போய் முக்காலிக் கருவி வந்து, அதுவும் போய், செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்லும் கருவி வந்துவிட்டது. பெயர் மாறவில்லை. படுக்கையும் மாறவில்லை. வருடத்தில் நான்கு மாதம் அவரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் மலையில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கூடாரத்துக்கு மேலே கூரை உண்டு, சுற்றிலும் துணி உண்டு. கீழே அலுவலகம் வழங்கியது எதுவும் கிடையாது. கீழே மலைதான்.

போன வருடம் அவர் சொந்தமாக ஒரு பாய் வாங்கி, சுருட்டி மூட்டையில் வைத்தார். ஜீப்பில் ஏற்றும்போது அது பண்டகக் காப்பாளரின் கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"பாய் சார். படுக்கறதுக்கு."

"பட்டியல்ல இருக்கா?"

"முதுகுல வலி இருக்கு சார்."

"முதுகு பட்டியல்ல இல்ல."

அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத எதுவும் அலுவலக வண்டியில் ஏறக் கூடாது என்பது விதி. பாயில் 'அங்கீகரிக்கப்படாத சொகுசு' என்று சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார் காப்பாளர். பொருட்களை அவர் வீணாக்கவே மாட்டார். பயன்படுத்தவும் விட மாட்டார்.

அந்த நான்கு மாதம் முடிந்து சங்கிலி மருத்துவரிடம் போனபோது, மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒரு சீசன் வெறும் தரையில படுத்தீங்கன்னா, அப்புறம் செருப்பு மாட்டறதுக்கே ஆள் வைக்கணும்."

"கேட்டீங்கல்ல?" என்றாள் மனைவி, வீட்டுக்கு வரும் வழி முழுக்க. "மலையெல்லாம் போதுங்க. கீழேயே ஒரு மேசை கேளுங்க."

"மேசையில உக்காந்து என்னத்த அளக்கிறது?"

அவருக்கு மலை பிடிக்கும். காலையில் மேகம் விலகி, முந்தின நாள் குறித்த உச்சி குறித்த இடத்திலேயே நிற்பதைப் பார்க்கும்போது, உலகத்தில் ஒரு விஷயமாவது சரியாக இருக்கிறது என்று தோன்றும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இருபத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறார். அதை விட மனசில்லை. ஆகவே நான்கு பேருக்கு நான்கு பாய் கேட்டு மனு எழுதினார். சீசனுக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது.

மனுவைப் படித்த துணை இயக்குநர் அம்மையார் நெகிழ்ந்துபோனார். வேறு அலுவலகமாக இருந்தால் உடனே நான்கு பாய் வாங்கிக் கொடுத்து விஷயத்தைக் கொச்சைப்படுத்தியிருப்பார்கள். அம்மையார் அப்படிப்பட்டவர் அல்ல. குழு அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர்கள்: பண்டகக் காப்பாளர், தலைவர் சொல்வதை ஆமோதிக்க இரண்டு பிரிவு அலுவலர்கள், வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஓர் 'உறக்கப் பயிற்சியாளர்'. ஆறாவதாகச் சங்கிலி, 'பயனாளர் பிரதிநிதி' என்ற பட்டத்துடன், கதவோரத்தில் ஒரு ஸ்டூலில்.

முதல் இரண்டு கூட்டங்கள் பெயருக்கே போய்விட்டன. 'பாய்' என்பது அரசு ஏட்டில் ஏறத்தக்க சொல் அல்ல என்று தலைவர் கருதினார். 'மெத்தை' என்றால் தணிக்கைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நீண்ட விவாதத்துக்குப் பின் 'களத் துயிலணை' என்று முடிவாயிற்று. பிரிவு அலுவலர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒருவர் தீர்மானத்துக்கு முன்பே தட்டிவிட்டதால் மறுபடி தட்டச் சொன்னார்கள்.

மூன்றாம் கூட்டத்தில் சங்கிலிக்குப் பேச ஐந்து நிமிடம் கிடைத்தது.

"மேடம், மூணு வகை இருக்கு. ஒண்ணு மடிக்கிற நுரைப் பாய். முள்ளு குத்தினாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா மெலிசா இருந்தா கல்லு உறுத்தும். ஒண்ணு வாயால ஊதறது. சுகமா இருக்கும், ஒரு ஓட்டை விழுந்தா போச்சு. இன்னொண்ணு உள்ளயே நுரை வெச்சது. மூடியத் திறந்தா அதுவே காத்த இழுத்துக்கும். அதுதான் எங்களுக்குத் தோதுப்படும்னு நினைக்கிறேன். அப்புறம் தடிமன் மட்டும் பார்த்தாப் பத்தாது மேடம். தரைக் குளிர எவ்வளவு தடுக்கும்னு அதுல ஒரு எண் போட்டிருப்பான். அது முக்கியம். குளிர் கீழேருந்து ஏறும்."

"கீழேருந்தா?" என்றார் மூத்த பிரிவு அலுவலர், கூரையில் இருந்த ஏசியை அண்ணாந்து பார்த்தபடி. "குளிர் மேலேருந்துதானே வருது?"

அது குறிப்பேட்டில் ஏறியது.

"அந்த எண்ணுக்கு நம்ம படிவத்துல கட்டம் இல்லையே," என்றார் காப்பாளர்.

"கட்டம் போட்டுக்கலாம் சார்."

"படிவம் அச்சாகி வந்தாச்சு."

உறக்கப் பயிற்சியாளர் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருந்தார். ஒன்று மணி காட்டும். மற்றது தூக்கத்துக்கு மதிப்பெண் போடும். அவர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, "பாய்ங்கிறது வெளியில இல்ல. உள்ள இருக்கு," என்றார். அதற்காகத்தான் அவரை அழைத்திருந்தார்கள்.

நான்காம் கூட்டத்துக்கு மாதிரிகள் வந்தன. மூன்று வகையிலும் ஐந்தைந்து. நாற்காலிக்கு ஒன்று என்று கணக்கு. ஸ்டூலுக்குக் கணக்கு இல்லை. சோதனை நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு. இடம், ஆலோசனைக் கூடத்தின் கம்பளம். எடைச் சோதனையைக் காப்பாளரே முன்வந்து நடத்தினார்.

"லிஃப்ட்ல ஏத்திக் கொண்டுவந்தேன். ஒண்ணும் கனமாத் தெரியல."

"ஜீப் நிக்கிற இடத்துலேருந்து அஞ்சு மணி நேரம் ஏறணும் சார்," என்றார் சங்கிலி.

"லிஃப்ட் இல்லையா?"

பிறகு குழு கடமையில் இறங்கியது. முதலாம் எண் நுரைப் பாய் அப்படியொன்றும் தடிமனில்லை. கம்பளத்தின் பூ வேலைப்பாடுகூட முதுகில் தெரிந்தது. இரண்டு முறை முயன்றும் ஒருவருக்கும் கண் அயரவில்லை. மூன்றாம் எண் காற்றுப் பாயில் இளைய பிரிவு அலுவலர் சட்டைப் பையில் பேனாவுடன் குப்புறப் படுத்தார். பாய் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்த வகை முழுவதும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பேனாவைப் பற்றி விசாரணை இல்லை. இரண்டாம் எண்ணில், தானே காற்று இழுக்கும் பாயில், தலைவர் இரண்டு மணிக்குப் படுத்து நான்கரை மணிக்கு எழுந்தார். அவர் கையில் கட்டிவிட்டிருந்த பயிற்சியாளரின் கடிகாரம் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு போட்டது. அலுவலக வரலாற்றில் யாரும் எந்தத் தேர்விலும் அவ்வளவு வாங்கியதில்லை என்பதால் அனைவரும் கைதட்டினார்கள்.

மதிப்பெண் முக்கியமான விஷயம் என்பதால், ஐந்தாம், ஆறாம் கூட்டங்களில் அதே சோதனை அதே இரண்டாம் எண்ணில் மீண்டும் நடத்தி உறுதிசெய்யப்பட்டது. சீசனுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

"மேடம், கம்பளத்துல எந்தப் பாயும் நல்லாத்தான் இருக்கும்," என்றார் சங்கிலி, பொறுக்க முடியாமல். "கல்லுமேல போட்டுப் பார்க்கணும்."

"கூடத்துக்குள்ள கல்லா?"

"நான் கொண்டுவரேன் மேடம்."

ஏழாம் கூட்டத்துக்கு அவர் மலையடிவாரத்திலிருந்து ஒரு சாக்கு கல்லும் சரளையும் மண்ணுமாகக் கொண்டுவந்து, தார்ப்பாய் விரித்து அதன் மேல் கொட்டினார். குழு சுற்றி நின்று பார்த்தது. தரை என்பது இப்படித்தான் இருக்கும் என்று அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. படுக்க யாரும் முன்வரவில்லை. ஆனால் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'பயனாளர் சோதனை' என்று ஒரு கட்டம் காலியாக இருந்ததைக் காப்பாளர் கண்டுபிடித்தார். காலிக் கட்டம் என்றால் அவருக்கு ஆகாது.

"நீயே படுத்துக் காட்டுப்பா," என்றார் தலைவர். "பத்து நிமிஷம்."

சங்கிலி இரண்டாம் எண்ணைக் கல்லின் மேல் விரித்தார். மூடியைத் திறந்து, அது காற்று இழுக்கும் வரை காத்திருந்து, திருகி மூடினார். மெதுவாக முழங்காலிட்டு, கையை ஊன்றி, மல்லாந்தார். எப்போதும் இடுப்பில் முதலில் வந்து பிடிக்கும் அந்த வலி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. பதினோரு வருடமாக அவர் இடது பக்கம் திரும்பிப் படுத்ததில்லை. பயந்துகொண்டே திரும்பினார். அப்போதும் வரவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. நாலு பேருக்கும் இது கிடைத்துவிட்டால் போதும், இன்னும் பத்து வருடம் மலை ஏறலாம் என்று நினைத்தார். அதற்குமேல் அவர் எதுவும் நினைக்கவில்லை.

கண் விழித்தபோது மணி ஐந்தே கால். குழு முழுவதும் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

"மூணு மணி நேரம் பத்து நிமிஷம்," என்றார் பயிற்சியாளர், கடிகாரத்தைப் பார்த்து.

"பாய் ரொம்ப நல்லாருக்கு மேடம்!" என்று எழுந்து உட்கார்ந்தார் சங்கிலி. உதவியில்லாமல் எழுந்ததை அவர் மட்டுமே கவனித்தார்.

தலைவரின் முகம் இறுகியிருந்தது. "டியூட்டி நேரத்துல தூங்கியிருக்கீங்க."

"மேடம், நீங்க படுக்கச் சொன்னதாலதானே... நீங்களும் இதே பாய்ல மூணு தடவ..."

"நான் தூங்கினேனா?"

"குறட்டைச் சத்தம்..."

"நான் மதிப்பீடு செஞ்சேன்."

"மேடம் கண்ண மூடிக்கிட்டு மதிப்பீடு செஞ்சாங்க," என்றார் காப்பாளர். பிரிவு அலுவலர்கள் ஆமோதித்தார்கள். இந்த முறை சரியான நேரத்தில்.

அறிக்கை நாலே நாளில் தயாரானது. கடமை என்று வந்துவிட்டால் மூன்றாவது மாடி தாமதிப்பதில்லை. இரண்டாம் எண்ணின் மென்மை, எடை, நிறம் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, நூற்றுப் பத்தாம் பக்கத்தில் அறிக்கை அதன் ஒரே குறையைச் சுட்டியது: 'பயன்படுத்துபவரைத் தூங்க வைத்துவிடுகிறது.' விலை உயர்ந்த கருவிகளுக்குப் பொறுப்பானவர்கள் மலையில் தூங்கலாமா? ஆகவே இரண்டாம் எண் நிராகரிக்கப்பட்டது. மேலாய்வுக்காக அந்த ஐந்தும் உறுப்பினர்களின் அறைகளிலேயே வைக்கப்பட்டன. ஐந்து பேர் இரண்டு முறை முயன்றும் ஒரு நிமிடம்கூட யாரையும் தூங்க விடாத முதலாம் எண், ஒருமனதாகத் தேர்வு பெற்றது.

"இதுக்கு 'விழிப்புறக்கம்'னு பேரு," என்று விளக்கினார் பயிற்சியாளர். "வெளிநாட்டுல இப்ப எல்லாரும் இப்படித்தான் தூங்காம இருக்காங்க."

நான்கு பாய்களும் குறித்த நாளில் வந்து சேர்ந்தன. சங்கிலியின் மனைவி அவற்றில் ஒன்றை வீட்டுக் கூடத்தில் விரித்து, நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் தரையைத் தொட்டது.

"என்னங்க இது, தரைக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கு. இத நம்பியா போறீங்க?"

"நான் போகலைன்னா அந்த மூணு பேரும் மட்டும் போகணும்."

"நீங்க போய் அவங்களுக்கு என்ன பண்ணப் போறீங்க? கூடப் படுத்து முழிச்சிக்கிட்டு இருப்பீங்க, அவ்வளவுதானே?"

அவள் சொன்னது சரிதான். பாயைச் சுருட்டினார். அவள் கோபத்தோடு கயிற்றை வாங்கி, இறுக்கமாகக் கட்டிக் கொடுத்தாள்.

மலையில் பன்னிரண்டாம் நாள் அரிசியும் தபாலும் கொண்டுவந்தவன் ஓர் அலுவலகக் கடிதத்தையும் தந்தான். காலை நேரம். மேகம் விலகி உச்சி தெரிந்துகொண்டிருந்தது. சங்கிலி அதைப் பார்க்கவில்லை; ஆட்களில் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைப் பாயிலிருந்து தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டார். நான்கு பேருக்கும் கண் சிவந்திருந்தது.

கடிதத்தை உட்கார்ந்து படிக்க முடியாததால் நின்றபடியே படித்தார். பொறுப்புள்ள உயர் அலுவலர்களின் முன்னிலையில், பணி நேரத்தில் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் உறங்கியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வரி எழுதிடுங்கண்ணே," என்றார் செருப்பு மாட்டியவர். "எதுக்கு வம்பு?"

சங்கிலி வரைபடப் பலகையை ஒரு பாறை மேல் சாய்த்து வைத்து, நின்றுகொண்டே எழுதினார்:

'ஐயா / அம்மையீர், அன்று நான் உறங்கியது உண்மை. பாய் நன்றாக இருந்ததே காரணம். குழு கண்டறிய விரும்பியதும் அதுவே என்று தவறாக எண்ணிவிட்டேன். தற்போது வழங்கப்பட்டுள்ள பாயில் இந்தத் தவறு நடக்க வாய்ப்பில்லை; பன்னிரண்டு நாட்களாக நாங்கள் நான்கு பேரும் உறங்கவில்லை. குழுவின் உறுப்பினர்களோ நாற்காலியில் அமர்ந்த நிலையிலேயே வருடம் முழுவதும் உறங்கும் தகுதி பெற்றவர்கள். எனவே அவர்கள் அறைகளில் உள்ள ஐந்து பாய்களில் நான்கை மலைக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'