எந்த ஊர் வண்ணம்?

உலகத்தில் எந்த எடை மிஷினும் எங்கள் வலியசாலை வண்ணம் மாமி அளவுக்குச் சத்தமாக எடை சொன்னது கிடையாது. மிஷின் பாவம், ஏறி நின்றால்தான் சொல்லும். மாமிக்கு நாம் தெருமுனையில் திரும்பினாலே போதும்.

நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த புதிதில், எதிர்வீட்டிலிருந்த இந்த மாமி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “எந்தாடி, நன்னா வண்ணம் வெச்சுட்டியே!” என்பார். எங்கள் ஊரில் வண்ணம் என்றால் நிறம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, “இந்த ஊர்த் தண்ணி ஒத்துண்டுடுத்தும்மா, கலர் வந்துடுத்தாம்” என்று பீற்றிக்கொண்டேன். மாமிக்குத் தவறாமல் தேங்க்ஸ் வேறு.

ஒருநாள் என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னார்: “மலையாளத்துல வண்ணம்னா பருமன். மாமி உன்னைத் தடிச்சுட்டேங்கறா.”

“இது உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“மொதல்லேர்ந்தே. சந்தோஷமா இருந்தியே, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

அன்றைக்கு அவருக்கு உப்பில்லாத ரசம்தான்.

மாமி கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஆனாலும் தெருவுக்கே மாமி. அரசு ஆபீசில் ஃபைல் தள்ளி ரிட்டயர் ஆனதும் கையில் ஒரு ஸ்மார்ட் போன் வந்தது. பிடித்தது சனி. வீடியோ வீடியோவாகப் பார்த்து, எடை சொல்வதோடு நிறுத்தாமல் காரணமும் சொல்ல ஆரம்பித்தார். காரணம் எப்போதும் ஒன்றுதான். ஹார்மோன்! தூக்கம் வரவில்லையா, ஹார்மோன். கோபம் வருகிறதா, ஹார்மோன். திருவிழாவுக்கு வந்த யானையைப் பார்த்து, “இதுக்கு யாராவது தைராய்டு நோக்கினாளோ?” என்று பாகனிடம் கேட்ட ஆள் அவர்.

“நீ திங்கறதால தடிக்கலைடி, கேட்டியா? தைராய்டாக்கும்” என்று என்னைப் பிடுங்கித் தின்றார். தொல்லை தாங்காமல் போய் டெஸ்ட் எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. “லேபை மாத்து” என்றார்.

ஆண்களையும் விடவில்லை. பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தத்தையும் மீறி என் கணவரின் வயிற்றைக் காட்டி மாமி கத்தினார்: “எடா, ஆம்பிளைகளுக்கும் ஹார்மோன் உண்டு! வயசாக ஆக அது கொறையும், தொப்பை கூடும். வெக்கப்படாம டாக்டர்கிட்டச் சொல்லு!” தேங்காய் உடைத்தவர்கள் ஓங்கிய கையோடு திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்படியொரு பக்தியை அவரிடம் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

போன வருஷம் மாமி திடீரென்று இளைத்தார். கேட்க வேண்டுமா! “என் ஹார்மோனை நானே பேலன்ஸ் பண்ணிட்டேன். எல்லாம் கொள்ளுத் தண்ணியாக்கும்” என்று தெருவையே கொள்ளுத் தண்ணீர் குடிக்க வைத்தார். எங்களில் ஒருவரும் ஒரு கிராம் குறையவில்லை. வாயு பிடித்ததுதான் மிச்சம்.

ஒரு மாலை எங்கள் வீட்டில் அடை. மாமி தின்கிறார், தின்கிறார், மாவுப் பாத்திரம் காலியான பிறகு தயிர் சாதம் உண்டா என்கிறார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தும் வேர்வை. காப்பியைக் கொடுத்தேன். டபராவில் டம்ளர் கடகடவென்று ஆடியது.

“கை ஏன் மாமி நடுங்கறது?”

“எனர்ஜிடி, எனர்ஜி!”

 இவ்வளவு தின்று ஒருத்தி எப்படி இளைப்பாள்? கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் நரம்பு படபடவென்று துடித்தது. “மாமி, ஒரு தைராய்டு டெஸ்ட் எடுத்துடலாமே” என்றேன்.

மாமியின் முகம் சுருங்கிவிட்டது. “பொண்ணு பாக்க வந்தவாள்ளாம் வண்ணம் ஜாஸ்தின்னு சொல்லி, பஜ்ஜியை மட்டும் தின்னுட்டுப் போனா. இப்போதாண்டி நான் ஆசைப்பட்ட ஒடம்பு வந்திருக்கு. அதையும் வியாதிங்கறியா?”

எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிவிட்டுத் தனக்கென்று வந்தால் மட்டும் பிடிவாதமா? சரி, மாமியின் வழியிலேயே போவோம் என்று முடிவு செய்தேன். தினமும் காலையில் மாமி கோலம் போட வந்ததும் எதிர்வாசலிலிருந்து தெரு கேட்கக் கத்தினேன்: “மாமி, வண்ணமெல்லாம் போயிடுத்தே! தைராய்டு நோக்கினேளா?” பால்காரர் திரும்பினார். கோயிலுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். ஒருநாள் மாமி கோலப்பொடி டப்பாவைத் தரையில் நங்கென்று வைத்தார். “மானத்தை வாங்காதேடி பாவி. ஆட்டோ கூப்பிடு.”

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் சொன்னார்: “ஹார்மோன் தன்னே, அம்மா. தைராய்டு கூடுதல். எத்தனை சாப்பிட்டாலும் உடம்பு எரிச்சுத் தீர்த்துடும். இப்படியே விட்டா ஹார்ட்டுக்குக் கேடு. மாத்திரை கழிக்கணும், தினமும் முழுங்கணும், கேட்டோ?”

ரிப்போர்ட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு மாமி ஆட்டோவில் ஏறினார். கிழக்கேகோட்டை தாண்டியதும் மெல்லக் கேட்டார்: “அப்போ கொள்ளுத் தண்ணி?”

“அது பாவம் மாமி, ஒண்ணும் பண்ணலை.”

“மாத்திரை தின்னா மறுபடி தடிச்சுடுவேனாடி?”

மனுஷிக்கு ஹார்ட்டைப் பற்றிக் கவலையில்லை! கத்தத்தான் வாயெடுத்தேன். மாமியின் கண்ணில் நீரைப் பார்த்ததும் முடியவில்லை. “தடிச்சா என்ன மாமி? நீங்க இருக்கணும் எனக்கு” என்று சொல்லிவிட்டு நானும் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

அன்றிலிருந்து தினமும் என் எதிரில்தான் மாத்திரை. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார். நான் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வேன், திட்டுவார். மெதுவாகக் கழுத்தெலும்பு மறைந்தது. போன வாரம் வந்து உட்கார்ந்தவர், அதிசயமாக என் எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, “எப்படிடி இருக்கேன்? உள்ளதைச் சொல்லு” என்றார்.

“நன்னா வண்ணம் வெச்சிருக்கேள், மாமி.”

மாமி என்னை முறைத்தார். “எந்த வண்ணம்? உங்க ஊர் வண்ணமா, எங்க ஊர் வண்ணமா?”

“ரெண்டும்தான்.”

“போடி, தடிச்சி” என்று சிரித்துக்கொண்டே காப்பிக்குக் கை நீட்டினார். டபராவில் டம்ளர் சத்தமே போடவில்லை.