கிழிக்காத காலண்டரும் ஏரிக்குள் வளை தோண்டியவனும்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி என்று பேர்தான். ஐப்பசி ஒன்றாம் தேதி மழை பிடித்தால் மூன்று மாதம் தண்ணீர் நிற்கும். மற்ற ஒன்பது மாதமும் வெறும் மண்தரை. கோடையில் மண் மெத்தென்று இருக்கிறதே என்று அதன் நட்டநடுவில் வளை தோண்டிக் குடிவந்துவிட்டான் சடையாண்டி என்கிற முள்ளம்பன்றி. கூட அவன் பெண்டாட்டி பூவாயி. அவளுக்கு இது பிள்ளை வயிறு.

மழைக்கு முன்னால் மேற்கு மலையில் வேறு வளை தோண்டியாக வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்தோடு முங்கிப் போக வேண்டியதுதான். இது சடையாண்டிக்கும் நன்றாகத் தெரியும். பக்கத்து வளை முயல் வெள்ளியங்கிரி ஆவணியிலேயே மலை ஏறிவிட்டான். போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "ஏனுங்க சடையாண்டி, நீந்தப் பழகிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

"நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்" என்றான் சடையாண்டி.

அவன் சோம்பேறி இல்லை. நாள் பார்க்கிறவன். அந்தக் காட்டுக்கே ஒரே ஒரு தினசரி காலண்டர்தான் உண்டு. காட்டுக்குள் பொங்கித் தின்ன வந்த கூட்டம் தைமாதம் விட்டுப்போனது அது. சடையாண்டி முதுகு முள்ளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. முள் ஒன்றைப் பிடுங்கி ஆணியாக அடித்து வாசலில் தொங்கவிட்டிருந்தான். காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பான். கிழித்த கையோடு படிப்பான். படித்த கையோடு படுத்துக்கொள்வான்.

ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம்; மலையோ மேற்கே. செவ்வாயில் புது வேலை தொடங்க முடியுமா? அந்த வாரம் பார்த்துப் புதன் அஷ்டமி. வியாழன் நவமி. சனிக்கிழமை ஆரம்பித்தால் அது எங்கே உருப்படும்? மிச்சம் இருப்பது திங்கள் ஒன்று. அன்றைக்கு அவன் ராசிக்கு நேரே "ஓய்வு" என்று போட்டிருந்தது.

"மாமா, அதுல போட்டிருக்கிற வேற எதையாச்சும் நீங்க இவ்வளவு ஒழுங்காச் செஞ்சிருக்கீங்களா? போன வாரம் 'பெருமை'ன்னு போட்டிருந்துச்சு" என்றாள் பூவாயி.

புரட்டாசி இருபத்தெட்டு வந்தது. மறுநாள் காலை சடையாண்டிக்குக் கழுத்துப் பிடிப்பு. தாளைக் கிழிக்கக் கை தூக்க முடியவில்லை. நாளைக்குச் சேர்த்துக் கிழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

நான்காம் நாள் ஏரி அதிகாரி கரடி வந்தார், கையில் ஓலையோடு.

"யோவ், ஐப்பசி ஒன்னுக்குள்ள ஏரியைக் காலி பண்ணணும்னு உத்தரவு. இன்னைக்கு உன் சட்டி பானையெல்லாம் வெளியே போகுது."

சடையாண்டிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. கரடி ஐயா வாசலைத் தாண்டும்போது காலண்டரைப் பார்த்தார். நின்றார். விரலை மடக்கி எண்ணினார்.

"புரட்டாசி இருபத்தெட்டுதானா? நான்தான் அவசரப்பட்டுட்டேன். முன்கூட்டியே காலி பண்ண வச்சா என் வேலைக்கே ஆபத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாளும் வந்தார். பார்த்தார். போனார்.

சடையாண்டிக்கு விஷயம் பிடிபட்டது. அன்றிலிருந்து, கழுத்து சரியான பிறகும் தாளில் கை வைக்கவில்லை.

அடுத்த வாரம் மேகம் வந்தது. யானைக் கூட்டம் மாதிரி கறுத்துத் திரண்டு, நேராக வளை வாசலில் வந்து இறங்கியது. பூவாயி சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏப்பா, தேதி என்ன?" என்றது மேகம். "கடல்லேருந்து வர்றேன். வழியில ஒரு இடத்துலயும் சரியாச் சொல்ல மாட்டேங்கிறாங்க."

சடையாண்டி காலண்டர் பக்கம் மூக்கைக் காட்டினான்.

"அட, புரட்டாசியே முடியலையா! நல்லவேளை, அவிழ்த்துக் கொட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, கட்டின மூட்டையைக் கட்டினபடியே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"பார்த்தியா புள்ளே? தோண்டாமலே வீடு தப்பிச்சிருச்சு" என்று மீசையைத் தடவினான் சடையாண்டி.

எல்லாம் தப்பியது. வயிறு தப்பவில்லை. பூவாயிக்குக் கார்த்திகை மூன்றாம் தேதி பிரசவம் என்று நாள் குறித்திருந்தாள், காட்டு மருத்துவச்சி உடும்பு காளியக்கா. வயிறு தரையைத் தொட்டது. பூவாயியால் திரும்பிப் படுக்க முடியவில்லை. காளியக்கா வந்து காதை வைத்துக் கேட்டாள்.

"ரெண்டும் தயாராத்தான் இருக்குது தாயி. தேதி வரலையேன்னு உட்கார்ந்திருக்குது. உன் புருசன் வித்துல்ல?"

"நீங்க இழுத்து வெளிய போடுங்கக்கா!"

"தேதி ஆகாம நான் தொட மாட்டேன். அப்புறம் பதிவு பண்ணும்போது கரடி ஐயா என்னைத்தான் கேப்பாரு."

பூவாயி புருசனைப் பார்த்தாள். "மாமா, கிழிங்க."

"கிழிச்சா மழை வந்துரும் புள்ளே. நாளைக்கு ஒரு வழி யோசிக்கிறேன்."

அந்த "நாளைக்கு" என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ. ஒரே எட்டு. இரண்டு கையாலும் பிடித்தாள். புரட்டாசி போனது. ஐப்பசி போனது. கார்த்திகை தீபம் போனது. சடையாண்டி, "போதும், போதும், கார்த்திகை மூணோட நிறுத்து!" என்று கத்தக் கத்த, அட்டையோடு ஒட்டிய கடைசித் தாளில்தான் அவள் கை நின்றது. மார்கழி பதினாறு, டிசம்பர் முப்பத்தொன்று.

அந்த நிமிடமே இரண்டு குட்டிகளும் பிறந்தன. ஒன்றரை மாதம் தாமதமாகிவிட்டது என்று தெரிந்தோ என்னவோ, வந்ததும் வராததுமாகப் பல் முளைத்து, முள் முளைத்து, சோறு கேட்டன.

வெளியே இடி இடித்தது. தாள் கிழிகிற சத்தம் கேட்டு மேகம் ஓடோடி வந்தது. சடையாண்டி கைக்கொரு குட்டியாகத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். மலையில் ஒரு பிடி மண்கூடத் தோண்டவில்லையே என்று அப்போதுதான் முதன்முதலாக அழுதான்.

மேகம் குனிந்து படித்தது.

"மார்கழி பாதி போயிருச்சா?" மேகம் மூட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. "என் பருவமே முடிஞ்சுபோச்சே! இனி பெஞ்சா காலந்தவறிப் பெஞ்சதுன்னு திட்டுவாங்க. நான் கடலுக்கே போறேன். அடுத்த வருசம் பார்க்கலாம்."

ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் கரடி ஐயா வந்தார். இந்தத் தடவை கையில் மாலை.

"மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிட்டேன்யா. இந்த வருசம் ஏரியில வெள்ளச் சேதம் சுத்தமா இல்லை. சரித்திரத்துலயே முதல் தடவை. காரணம் யாருன்னு விசாரிச்சாங்க." மாலை முள்ளில் நன்றாகச் சிக்கிக்கொண்டது. "இன்னையிலேருந்து நீதான் வெள்ளத் தடுப்பு அதிகாரி. உட்காரு" என்று ஒரு மூங்கில் நாற்காலியையும் போட்டார்.

சடையாண்டி உட்கார்ந்தான். உட்காருவது அவனுக்குப் புதிதில்லை.

முதல் மனுவோடு வந்தவன் முயல் வெள்ளியங்கிரி. மலையில் மூன்று அறையும் பின்வாசலுமாக அருமையான வளை தோண்டி வைத்திருந்தான். குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. நாக்கு மார்பு வரை தொங்கியது.

"ஐயா, தாகத்துல புள்ளைகுட்டியெல்லாம் சுருண்டு கிடக்குதுங்க. ஏரிக்குள்ள ஒரு ஊத்துத் தோண்டிக்கிறோம். அனுமதி குடுங்க."

சடையாண்டி மனுவை முன்பக்கம் படித்தான். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை, அதையும் படித்தான்.

"வச்சிட்டுப் போங்க. நாளைக்கு வந்து பாருங்க."

"காலண்டர்தான் தீர்ந்துபோச்சுங்களே. நாளைன்னா எந்த நாளுங்க?"

"அதைத்தான் வெள்ளியங்கிரி, நானும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கேன்" என்றான் சடையாண்டி.

நீதி: தன் வேலையை மட்டும் தள்ளிப்போடுகிறவனைச் சோம்பேறி என்று ஏசுவார்கள். ஆகவே வருங்காலத்தில் முன்னேற நினைப்பவர்கள் இன்றே, இப்போதே எழுந்து, ஊரார் வேலை முழுவதையும் தள்ளிப்போடத் தொடங்க வேண்டும்.