உடைப்பு அண்ணனும் என் மகளின் பற்களும்

கண்டியில் மிக அதிகமான பற்களை உடைத்த மனிதர் யார் என்று கேட்டால் நான் எந்தச் சண்டியனையும் சொல்லமாட்டேன். பல் வைத்தியம் படிக்கும் இடத்தில் பரிசோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் உடைப்பு அண்ணனைத்தான் சொல்வேன். பெயர், மாணவர்கள் வைத்தது. ஆள் ஹேவாஹெட்டக்காரர்.

பிடுங்கிய பற்களை இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு அழுத்தினால் உடைகின்றன என்று பார்ப்பது அவர் வேலை. கெலிஓயாவிலும் மடவளையிலும் பல் வைத்தியர்களிடம் கேட்டு வாங்கி, தண்ணீர்ப் போத்தலில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவார். பக்கத்தில் இருந்தவர் ஒருநாள் போத்தலில் என்ன என்று கேட்டிருக்கிறார். இவர் தூக்கிக் காட்டியிருக்கிறார். அந்த ஆசனம் கண்டிவரை காலியாகவே வந்ததாம். ஒவ்வொரு பல்லுக்கும் சொந்தக்காரரின் தொழிலே பெயர். உடைக்குமுன் மன்னிப்பும் உண்டு: "பேக்கரி முதலாளி, கோவிச்சுக்காதீங்க. படிப்புக்காகத்தான்."

என் மகள் பல் வைத்தியர், மேற்படிப்புக்காக அங்கேதான் ஆய்வு செய்கிறாள். வேர்ச் சிகிச்சை செய்த பல் உள்ளே குடைந்து பலமிழந்துவிடும். அதற்குள் பீங்கான் தூண் ஒன்றைப் பசையால் ஒட்டி நிறுத்துவார்கள். எந்தப் பசை போட்டால் பல் அதிகம் தாங்கும்? அதுதான் அவள் கேள்வி. பல மாதம் ஒட்டியவற்றை ஒரே நாளில் உடைக்கவேண்டும். சோற்றுப் பார்சலைச் சாட்டாக வைத்து நானும் போனேன். உடைப்பு அண்ணன் கதிரை போட்டு என் வாயை உற்றுப் பார்த்தார். "உங்க முன்பல்லு நல்லா தாங்கும் போல இருக்கே சார்." வாயை மூடிக்கொண்டேன்.

வரிசைக்கு ஒரு பசை. முதல் வரிசைப் பற்கள் கம்பீரமாகத் தாங்கி, டக்கென்று உடைந்தன. அடுத்த வரிசையில் தபால்காரரின் பல். இயந்திரம் தொட்டதுதான் தாமதம், தூண் அப்படியே கழன்று விழுந்தது. மகள் கொப்பியைப் புரட்டினாள். பசைக்கு முன்னால் தூணில் ஒரு பூச்சுப் பூசவேண்டும். அந்த வரிசை முழுவதற்கும் பூச மறந்திருக்கிறாள்.

பேராசிரியர் அடுத்த அறையில்தான் இருந்தார். நான் அவள் காதோடு சொன்னேன்: "அந்தப் பசை சரியில்லைன்னு எழுதிரு மகள். யாருக்குத் தெரியும்?"

"பசை மேல பழி போட ஏலாது அப்பா. மறந்தது நான்."

நேரே போய்ப் பேராசிரியரிடம் சொன்னாள். அந்த வரிசையை முதலிலிருந்து செய்யச் சொன்னாராம். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. ஆனால் மீதிப் பல் ஒன்றுமில்லை. நான் காதோடு சொன்னதும் கேட்டிருக்கவேண்டும், உடைப்பு அண்ணன் வெறும் போத்தலைக் கழுவிப் பையில் வைத்தார்.

லீவு போட்டு அலைந்திருக்கிறார். ஒரு கிழமையில் போத்தல் நிறையப் பல் வந்தது. ஒன்றுதான் குறைகிறது என்று மகள் வீட்டில் கவலைப்பட்டாள். மறுநாள் அதுவும் கிடைத்துவிட்டது.

நன்றி சொல்லப் போனேன். சிரித்தார். கீழ்வரிசையில் புதிதாக ஓர் இடைவெளி, அதில் இன்னும் பஞ்சு.

"எப்படியும் ஆடிக்கிட்டுதான் சார் இருந்துச்சு."

அவர் கையைப் பிடித்தேன். விட மனம் வரவில்லை.