எல்லாருக்கும் போன பதில்

சொந்தக்காரரை நாம் வேலை பார்க்கும் இடத்திலேயே சேர்த்துவிடக் கூடாது. அவர் நம்மைவிடக் கெட்டிக்காரராக இருந்துவிட்டால் சோறு இறங்காது. எனக்கு இறங்கவில்லை.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனி. வேடசந்தூர்ப் பக்கத்து மில்களுக்குத் தினமும் காலையில் நூல் விலையை ஈமெயிலில் அனுப்புவோம். ஒரு மெயில் போட்டால் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் போய்ச் சேரும்படி ஒரு ரெடிமேட் சாஃப்ட்வேர். அதைப் பார்த்துக்கொண்டவன் நான். என் அக்கா வீட்டுக்காரர் அருளை அங்கே சேர்த்துவிட்டவனும் நான்தான் (யாரைச் சொல்லி அழ?).

மச்சான் வந்ததுமே சாஃப்ட்வேரை எங்கள் தேவைக்குத் தகுந்தபடி மாற்றினார். யாராவது பதில் போட்டால் இனி அனுப்பியவருக்கு மட்டும் போகும், ஊருக்கெல்லாம் போகாது. இந்த மாற்றங்களைத் தனி ஃபைலில் வைத்தார். முதலாளி, "அருள் மாதிரி ஒரு ஆளு போதும்யா" என்றார். வீட்டில் அம்மா, "மருமகனுக்கு எம்புட்டு அறிவு! நீயும் அவர்ட்ட கேட்டுப் படிச்சுக்கடா" என்றபடி அவர் தட்டில் இன்னொரு ஆம்லெட் வைத்தாள். எனக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஊறுகாய்.

பொறுக்கவில்லை. அந்தத் தனி ஃபைலைத் தூக்கிவிட்டு, அதிலிருந்ததையெல்லாம் சாஃப்ட்வேரோடு வந்த ஃபைலிலேயே எழுதி, மேலே என் பெயரையும் போட்டேன்.

மச்சான் பார்த்துவிட்டார். "மாப்ளே, கூட வந்த ஃபைல்ல கை வைக்காத. புது வெர்ஷன் போடயில எல்லாம் அழிஞ்சு போயிரும்."

"எனக்குத் தெரியும் மச்சான்."

(தெரியாது.)

புது வெர்ஷன் வந்தது. பழைய ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. புதுசுதானே நல்லது என்று அமுக்கினேன். விலை மெயில் ஜம்மென்று போனது. பட்டியலில் முதலாளியும் உண்டு; அவரிடமிருந்து பதில் வந்தது: "இன்னைக்குச் சீக்கிரமே வந்துருச்சு. அருளுக்குப் பாராட்டு."

அருளுக்கா! வயிறு எரிய, முதலாளிக்கு மட்டும்தான் போகும் என்று நினைத்து, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தள்ளினேன்: "சார், செஞ்சது நான். அருளுக்கு ஒரு எழவும் தெரியாது. வேற மாப்பிள்ளை அமையாமத்தான் எங்க அக்காவ அவருக்குக் கட்டி வச்சோம்."

மச்சானின் மாற்றமெல்லாம் அழிந்துபோயிருந்தது; புது ஃபைலின் வழக்கப்படி, பதில் எல்லாருக்கும் போகும். எல்லா மில்லுக்கும் போனது. அதில் ஒரு மில் ஆபீஸில் மெயிலைத் திறந்து விலையைப் பார்த்துச் சொல்பவள் என் அக்கா.

போன் அடித்தது.

"ஏலே, எனக்கு மாப்பிள்ளை அமையலையா?"

"அக்கா... அது முதலாளிக்கு மட்டும்..."

"இங்க மேனேஜரு சத்தமா வாசிச்சுக் காட்டுறாருடா!"

மச்சான் தன் பழைய ஃபைலுக்கு நகல் வைத்திருந்தார். டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, "சாப்டியா மாப்ளே?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மச்சான் தொடங்கியது. அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று அமைத்திருக்கிறார். போன வருடம்தான் போனைத் தொட்ட அம்மா உட்பட எல்லாருமே அட்மின்.

என்னைத் தவிர.